ரேணு அக்காவும் ஆரஞ்சுப் புள்ளிகளும்

அந்த மெஷின் திரையைப் பாத்து ரேணு அக்கா முதன்முதல்ல சொன்ன வார்த்தை, "நெத்திலி."

திரையில இருந்தது மீன் இல்லீங்க, யாரோ ஒருத்தரோட ரத்தம். அதுல இருக்கற வெள்ளை அணுக்கள், ஒவ்வொண்ணும் ஒரு புள்ளியா. இடது பக்கம் கீழ சின்னச் சின்னதா நெருக்கியடிச்சு ஒரு கூட்டம், கொஞ்சம் மேல தள்ளி சின்னதா இன்னொரு கூட்டம், அதுக்கும் மேல பெருசா பரவி ஒரு மேகம் மாதிரி.

"கீழ கீது பாரு, அது நெத்திலி. நடுவுல சங்கரா. மேல கீறது நண்டு, ஒடம்பு பூரா சொரசொரன்னு."

பம்மல்லேர்ந்து வர்ற எங்க லேப் சீனியர் முஸ்தபா அண்ணன், கையில இருந்த மேனுவலைப் புரட்டிட்டு, "இதுல லிம்போசைட்னு போட்டிருக்கே ரேணு"ன்னார்.

"உங்க பம்மல்ல அப்படி சொல்லுவாங்களா இருக்கும்ணா."

நான் அப்ப அந்த லேப்ல டேட்டா என்ட்ரி. சிரிச்சு சிரிச்சு கீபோர்டுல தலையை வச்சிட்டேன். ஆனா அப்புறம் மேனுவலைப் படிச்சா, சத்தியமா சொல்றேன், அக்கா சொன்னது அப்படியே சரி! அந்தப் படத்துல குறுக்கு கோடு அணுவோட சைஸ். நெட்டு கோடு அணுவுக்கு உள்ள எவ்ளோ சொரசொரப்புங்கறது. லிம்போசைட் சின்னது, வழுவழுன்னு இருக்கும். மேல இருக்கற நண்டுக் கூட்டத்துக்கு உள்ள பூரா துகள் துகளா இருக்கும். யாரும் சொல்லிக் குடுக்காம, மீன் பிரிச்ச கண்ணால அவங்க அதைப் படிச்சுட்டாங்க.

ரேணுகாம்பாள்தான் முழுப் பேரு. கானத்தூர் பக்கம் ஒரு குப்பத்துல பொறந்தவங்க. அப்பா கடலுக்குப் போவார், அம்மா தாம்பரம் மார்க்கெட்ல மீன் விப்பாங்க. ஒன்பது வயசுலேர்ந்து காலையில அம்மா கூட வந்து, கலந்து கிடக்கற மீனை எல்லாம் ரகம் பிரிச்சுப் போட்டுட்டு, கை கழுவிட்டு ஸ்கூலுக்குப் போவாங்களாம். "எவ்ளோ சோப்பு போட்டாலும் போவாது. பஸ்ல என் பக்கத்து சீட்டு எப்பவும் காலி. எனக்கு அது வசதிதான், பைய வச்சுக்குவேன்"னு சொல்லுவாங்க. ப்ளஸ் டூ முடிச்சு லேப் டெக்னீஷியன் டிப்ளமா படிச்சு, கல்யாணம் ஆகி செம்பாக்கத்துக்கு வந்துட்டாங்க. சுனாமியில குப்பத்து வீடு போனப்ப சர்டிபிகேட் எல்லாம் செம்பாக்கத்து பீரோவுல இருந்ததால தப்பிச்சுது. அந்த சர்டிபிகேட்டோட ரெண்டு மாசம் கழிச்சு, 2005 பிப்ரவரியில, அஸ்தினாபுரத்துல இருந்த எங்க டிரஸ்ட் லேபுக்கு வேலைக்கு வந்தாங்க. அப்ப அவங்களுக்கு இருபத்தொன்பது வயசு. இப்பவும் அதே லேப்லதான், அதே மெஷின் முன்னாடிதான் இருக்காங்க. அவங்களைப் பத்தி எங்கயும் யாரும் எழுதப் போறதில்ல. அதான் நான் எழுதறேன்.

லேப் மாடியில. கீழ டிரஸ்ட்டோட கிளினிக், எச்.ஐ.வி இருக்கறவங்களுக்காக. டாக்டர் யூனிஸ் மேடம்தான் பாப்பாங்க. அங்க வர்றவங்க யாரும் வியாதி பேரை சொல்ல மாட்டாங்க. "கவுண்ட்"னு ஒரு வார்த்தைதான். "கவுண்ட் எவ்ளோ?" "போன தடவை நூத்தி இருபது, இப்ப பாக்கணும்." வெயிட்டிங் ஹால்ல எங்க திரும்பினாலும் கவுண்ட், கவுண்ட், கவுண்ட். ஒரு மைக்ரோலிட்டர், அதாவது ஒரு துளியில சின்னப் பங்கு ரத்தத்துல சிடி4ங்கற அணு எத்தனை இருக்குங்கற எண்ணிக்கை அது. நம்ம உடம்போட காவலுக்கு உத்தரவு போடற அணு. வைரஸ் குறி வச்சு அழிக்கறது அதைத்தான். அப்பல்லாம் இருநூறுக்குக் கீழ போச்சுன்னாதான் மாத்திரை ஆரம்பிப்பாங்க. மாத்திரை வேலை செஞ்சா கவுண்ட் ஏறும்.

அந்த கவுண்ட் எப்படி எடுக்கறாங்கன்னு தெரிஞ்சப்ப எனக்கு ரெண்டு நாள் வேற எதுவும் ஓடல. எப்படின்னு கேளுங்க!

மைக்ராஸ்கோப்ல பாத்தா எல்லா லிம்போசைட்டும் ஒரே அச்சு. எது சிடி4, எது இல்லன்னு எந்தக் கண்ணாலயும் சொல்ல முடியாது. ஆனா ஒவ்வொரு அணுவோட தோல் மேலயும் ஒரு அடையாளம் இருக்கு. அந்த ஒரே ஒரு அடையாளத்தை மட்டும் தேடிப் போய் கவ்விக்கற ஆன்டிபாடி இருக்கு. லட்சக்கணக்கான அணு நடுவுல விட்டாலும் வேற எதையும் தொடாது. தன்னோடதைக் கண்டுபிடிச்சு ஒட்டிக்கும். அந்த ஆன்டிபாடியோட முதுகுல ஒளிர்ற சாயத்தை ஏத்தி அனுப்பறாங்க. எங்க லேப்ல ரெண்டு கலர். டி செல்னு ஒரு பெரிய ஜாதி இருக்கு, அது மொத்தத்துக்கும் பச்சை. அதுக்குள்ள சிடி4 இருக்கறதுக்கு ஆரஞ்சு. அப்புறம் மெஷின் அத்தனை அணுவையும் ஒத்தை வரிசையில ஓட விடும். தாம்பரம் ஸ்டேஷன்ல காலையில எட்டரை மணிக்கு மேம்பாலத்துல இறங்கற கூட்டத்தை யோசிச்சுப் பாருங்க. அதை ஒவ்வொரு ஆளா ஒரு நீல லேசர் முன்னாடி நடக்க விட்டு, யார் பச்சையா மின்னறா, யார் ஆரஞ்சா மின்னறான்னு எண்ணினா எப்படி? இந்த மெஷின் நொடிக்கு ஆயிரக்கணக்குல எண்ணுது.

இன்னொண்ணு சொல்றேன், இதைக் கேட்டு எனக்கு உடம்பு சிலிர்த்துடுச்சு. வைரஸ் அணுவுக்குள்ள நுழையறதுக்குப் பிடிச்சுக்கற கைப்பிடி எது தெரியுமா? அதே சிடி4 அடையாளம்தான். திருடன் நுழையற அதே வாசல்லதான் நாம விளக்கு மாட்டறோம்!

அந்த ஆரஞ்சு சாயம் எங்கேர்ந்து வருது தெரியுமா? கடல்லேர்ந்து. சிவப்புக் கடல்பாசிலேர்ந்து எடுக்கற புரதம். பாசி தண்ணிக்கு அடியில வர்ற கொஞ்சூண்டு வெயிலைப் பிடிக்க அதை வச்சிருக்கு. முஸ்தபா அண்ணன் அந்த ஆன்டிபாடி மருந்தோட வந்த தாளைப் பாத்து இதைப் படிச்சப்ப ரேணு அக்கா நம்பவே இல்ல.

"பாசியா? எங்கப்பா வலையில மாட்னா உதறி எறிவாரு. அதுவா இம்மாம் வேல பாக்குது?"

"அதேதான்."

"அடப்பாவி," அப்படின்னு அந்தக் குட்டி பழுப்பு பாட்டிலை வெளிச்சம் படாம கைக்குள்ள பொத்தி வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னாங்க. சாயம் வெளிச்சத்துல வெளுத்துடும், அதனால பழுப்பு பாட்டில், அதுக்கு மேல அலுமினியத் தாள். அன்னிக்கு அவங்க பொத்தினது அதுக்காக இல்லன்னு நினைக்கறேன்.

இப்ப மதியழகன் அண்ணனைப் பத்தி சொல்லணும். பேரை மாத்திட்டேன், அவர்கிட்ட கேட்டுட்டுதான் எழுதறேன். பல்லாவரத்துக்கும் பம்மலுக்கும் நடுவுல ஷேர் ஆட்டோ ஓட்டறவர். அந்த வருஷம் மார்ச்ல கிளினிக்குக்கு வந்தப்ப ரெண்டு பேர் தாங்கிப் பிடிச்சு கூட்டிட்டு வந்தாங்க. கவுண்ட் தொண்ணூத்தி ரெண்டு. மாத்திரை ஆரம்பிச்சு ஆகஸ்ட்ல பாத்தா இருநூத்தி நாப்பத்தொண்ணு. அன்னிக்கு மாடி ஏறி வந்து ரேணு அக்காகிட்ட, "தங்கச்சி, என் வண்டில ஏறினவன் எல்லாம் எறங்கிதான் ஆவணும். இது மட்டும் ஏறினா எறங்கக் கூடாது, பாத்துக்க"ன்னார்.

"நான் கண்டக்டர்தாம்ணா. ஏத்தறது எறக்கறது உன் மாத்திர கைல கீது."

அடுத்த கவுண்ட் டிசம்பர்ல. எல்லாமே அந்த டிசம்பர் கவுண்ட்லதான் நின்னுது. ஏன்னா அந்த வருஷத்துல அந்த மாத்திரை வேலை செய்யாம போச்சுன்னா, அடுத்து குடுக்க எங்க கிளினிக்ல வேற மருந்து கிடையாது. இது அவருக்கும் தெரியும்.

அந்த 2005 மழை ஞாபகம் இருக்கா? ஏரி எல்லாம் உடைச்சுட்டு வந்துச்சே. டிசம்பர் முதல் வாரம், திங்கக்கிழமை மத்தியானம் கரண்ட் போச்சு. எங்க ஜெனரேட்டர் கீழ ஷெட்ல இருந்தது, ஷெட்டே தண்ணிக்குள்ள. ஃப்ரிட்ஜ்ல ஆன்டிபாடி. அது ரெண்டு டிகிரிலேர்ந்து எட்டு டிகிரிக்குள்ள இருக்கணும். புதுசு வரணும்னா வெளியூர்லேர்ந்து வரணும், அந்த வெள்ளத்துல எங்க வர்றது. முஸ்தபா அண்ணன் பம்மல்ல முழங்கால் தண்ணியில மாட்டிக்கிட்டார். போன்ல, "ரேணு, ஐஸ், ஐஸ்"னு கத்தினது மட்டும் கேட்டுச்சு, லைன் கட்.

ஐஸா? ரேணு அக்காகிட்டயா கேக்கணும்!

மூணு மணி நேரத்துல தாம்பரம் மார்க்கெட்லேர்ந்து அம்மாவோட தெர்மாகோல் பொட்டியை தலையில தூக்கிட்டு, பெரிய துண்டு ஐஸோட தண்ணியில நடந்தே வந்தாங்க. பாட்டில் எல்லாத்தையும் ஒரு டிபன் பாக்ஸ்ல அடுக்கி, பிளாஸ்டிக் கவர்ல சுத்தி, ஐஸை உடைச்சு சுத்திப் போட்டு மூடினாங்க. அவங்க கை வேலை செஞ்ச வேகம் இருக்கே, பாக்க அவ்ளோ அழகு. செவ்வாக்கிழமை சாயங்காலம் கரண்ட் வந்ததும் டிபன் பாக்ஸை அப்படியே ஃப்ரிட்ஜுக்குள்ள மாத்திட்டாங்க. புதன்கிழமை முஸ்தபா அண்ணன் வந்து, பாட்டிலெல்லாம் பத்திரமா இருக்கறதைப் பாத்துட்டு கை தட்டினார். "ஐஸ் ராணி! இனிமே இவங்க பேரு ஐஸ் ராணி!" டிரஸ்ட் ஆபீஸ்லேர்ந்தே போன் பண்ணி பாராட்டினாங்க. அக்காவுக்கு வெக்கம் தாங்கல.

வியாழக்கிழமை ஒன்பது பேர் வந்தாங்க, அந்தத் தண்ணியில. அதுல மதியழகன் அண்ணனும் ஒருத்தர். காலையில ரத்தம் குடுத்துட்டு, "நாலு மணிக்கு மேடத்தைப் பாக்கறேன்"னு சொல்லிட்டுப் போனார். அக்கா வழக்கம் போல சாயம் சேர்த்து, இருட்டுல இருபது நிமிஷம் வச்சு, சிவப்பணுவை உடைக்கற தண்ணி விட்டு, கலங்கலா இருந்தது தெளிஞ்சதும் மெஷின்ல ஏத்தினாங்க.

மத்தவங்க எட்டு பேரும் புதுசு. எல்லாருக்கும் கவுண்ட் கம்மியாதான் வந்துச்சு. உடம்பு முடியாம போனப்புறம்தானே வர்றாங்க, கம்மியாதான் இருக்கும்னு யாருக்கும் சந்தேகம் வரல. கடைசியா மதியழகன் அண்ணன் டியூப்.

அம்பத்தி எட்டு.

நான்தான் டைப் பண்ணணும். கை வரல. இருநூத்தி நாப்பத்தொண்ணு இருந்த எடத்துல அம்பத்தி எட்டு. நாலு மணிக்கு மேடம் இதைப் பாத்தா என்ன சொல்லணுமோ அதைச் சொல்லிடுவாங்க. மாத்திரை கைவிட்டுடுச்சுன்னு. அப்ப மணி ரெண்டு பத்து.

முஸ்தபா அண்ணன் நாற்காலியில சாஞ்சு, "யா அல்லாஹ்"ன்னார்.

ரேணு அக்கா மட்டும் ஃபைலை எடுத்து ஆகஸ்ட் மாசத்து படத்தை திரை பக்கத்துல பிடிச்சாங்க. பாத்தாங்க. திரும்பத் திரும்பப் பாத்தாங்க. அப்புறம் சட்டுன்னு கையை நீட்டி, "அண்ணா, என் ரத்தத்த எடு"ன்னாங்க.

"எதுக்கு?"

"எடுண்ணா. அப்பால சொல்றேன்."

எடுத்தார். அதே சாயம், அதே இருபது நிமிஷ இருட்டு. அந்த இருபது நிமிஷமும் அக்கா ஆகஸ்ட் படத்தைக் கீழ வைக்கல. மெஷின்ல ஏத்தினாங்க. திரையில ஆரஞ்சு இருக்க வேண்டிய கட்டம் காலியா கிடந்துச்சு. நம்பர் வந்துச்சு.

எழுபத்தொண்ணு.

நல்லா இருக்கற மனுஷிக்கு எழுநூறு எண்ணூறு இருக்கணும். ஆகஸ்ட்ல ஒரு தடவை, நோயாளிக்கு ரத்தம் எடுத்த ஊசி அக்கா விரல்ல குத்தியிருந்துச்சு. அப்புறம் டெஸ்ட் எல்லாம் பண்ணி இல்லன்னு வந்தது எனக்குத் தெரியும், இருந்தாலும் அந்த நம்பரைப் பாத்த செகண்ட் எனக்கு அந்த ஊசிதான் ஞாபகம் வந்துச்சு. அக்கா முகத்துலயும் ஒரு நிழல் ஓடி மறைஞ்சுது.

முஸ்தபா அண்ணன் தன் சட்டைக் கையை மடிச்சு நீட்டினார். திரும்ப எல்லாம் முதல்லேர்ந்து. அவருக்கு வந்தது அறுபத்தி நாலு.

"பாரு, உன்ன விட எனக்கு கம்மி. நான்தான் சீனியர்."

அந்த நேரத்துலயும் சிரிச்சுட்டோம். அக்கா சிரிக்கல. திரை மேல விரலை வச்சாங்க. "அண்ணா, கூட்டம் எங்கயும் போவல. இங்க பாரு. எல்லாம் மெஷின் எண்ற கோட்டுக்குக் கீழ ஒக்காந்துகினு கீது. பச்சை பழைய எடத்துலயே நிக்குது. ஆரஞ்சுதான் படுத்துடுச்சு. ஆளு சாவல, வெளக்கு அணைஞ்சு போச்சு."

"ஆன்டிபாடி கெட்டுப்போச்சா? நீ ஐஸ்லதானே வச்ச? ஐஸ்ல ஒண்ணும் ஆகாதே."

அக்கா திரையிலேர்ந்து விரலை எடுத்தாங்க.

"உப்பு போட்டேண்ணா."

"என்ன உப்பு?"

"கல்லுப்பு. ஐஸ் மேல தூவினேன். மீனுக்கு போடுவோம், உப்பு போட்டா கல்லு மாரி நிக்கும். கை பாட்டுக்கு போட்டுடுச்சு." ஃப்ரிட்ஜ் பக்கம் திரும்பினாங்க. "ஃப்ரிட்ஜ்ல மாத்தறப்ப டிபன் பாக்ஸ ஆட்டிப் பாத்தேன். உள்ள தண்ணி ஆடற சத்தமே கேக்கல. கல்லு மாரி கீதுன்னு பெருமையா இருந்துச்சுண்ணா எனக்கு."

வெறும் ஐஸ் பூஜ்யம் டிகிரியில நிக்கும், அதுல மருந்து தப்பிச்சிருக்கும். உப்பு போட்ட ஐஸ் அதுக்கும் பத்து டிகிரி கீழ இறங்கும். உறைஞ்சா அந்தப் பாசி புரதம் மடங்கி உடைஞ்சு போயிடும், அப்புறம் எந்த லேசர் அடிச்சாலும் சரியா மின்னாது. பச்சை வெறும் ரசாயன சாயம், அது உறைஞ்சு எழுந்தாலும் பொழைச்சுக்கும். 'உறைய வைக்காதே'ன்னு மருந்துத் தாள்ல குட்டி எழுத்துல இருக்கு. ஆனா குப்பத்துக்காரங்க கைக்கு ஐஸ்னா உப்பு. லேப்ல வேற யார் வச்சிருந்தாலும் இந்தத் தப்பு நடந்திருக்காது. உப்பு போடணும்னு மத்தவங்களுக்குத் தோணியே இருக்காது!

மணி மூணேகால். நான் நம்பர் எதுவும் டைப் பண்ணாம, 'மருந்து கெட்டுப்போச்சு, வெள்ளம்'னு எழுதி முடிச்சிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. முஸ்தபா அண்ணனே, "வெள்ளத்துல கெட்டுச்சுன்னு சொல்லிடலாம் ரேணு. பொய் ஒண்ணும் இல்லையே"ன்னார்.

"வெள்ளம் எங்கண்ணா உப்பு போட்டுச்சு?"

சொல்லிட்டே எழுந்து ஃப்ரிட்ஜைத் திறந்து டிபன் பாக்ஸைத் துழாவினாங்க. மெஷின் வாங்கினப்ப பழகறதுக்குன்னு குடுத்த பாட்டில் ஒண்ணு அடியில கிடந்துச்சு. அதுலயும் சிடி4 ஆன்டிபாடிதான், ஆனா முதுகுல இருந்தது பச்சை சாயம். அதுவும் அதே உப்பு ஐஸ்லதான் உறைஞ்சு கிடந்தது. ஆனா பச்சையாச்சே.

முதல்ல அவங்க ரத்தத்துலயே போட்டுப் பாத்தாங்க. திரையில முதல் புள்ளி, ரெண்டாவது, பத்து, நூறு. கோட்டுக்கு மேல தனியா ஒரு கூட்டம் எழுந்து நின்னுது பாருங்க, நான் எழுந்து நின்னுட்டேன்! அப்புறம் மதியழகன் அண்ணன் டியூப். மூச்சைப் பிடிச்சுட்டு நின்னோம். அங்கயும் எழுந்துச்சு. அக்காவோடதை விட மெலிசு, ஆனா நல்லா தனியா, கெட்டியா.

முஸ்தபா அண்ணன் கணக்கு போட்டார். "தோராயமா முந்நூறு பக்கம் வருது. ஆனா இது நம்ம முறை இல்ல, ரிப்போர்ட்ல போட முடியாது."

"போட வேணாம். எறங்கலன்னு தெரிஞ்சா போதும்."

கீழ போனோம். யூனிஸ் மேடம் கையை நீட்டினாங்க. "ரிப்போர்ட்?"

"இல்ல மேடம். ஒம்போது பேரோடதும் தப்பு. என் தப்பு." நடந்ததை வரிசையா சொன்னாங்க, உப்பு உட்பட. மேடம் கண்ணாடியைக் கழட்டி மேஜையில வச்சாங்க. கத்தல. கத்தியிருந்தா பரவாயில்லன்னு இருந்துச்சு.

"ஒன்பது பேரும் வெள்ளத்துல நடந்து வந்தவங்கம்மா."

"தெரியும் மேடம்."

"ஒவ்வொருத்தர் கிட்டயும் நீயே சொல்லு. நான் சொல்ல மாட்டேன்."

மதியழகன் அண்ணன் ஹால்ல பெஞ்ச் ஓரத்துல உக்காந்திருந்தார். பேன்ட் முழங்கால் வரைக்கும் ஈரம். அக்கா பக்கத்துல போய் உக்காந்தாங்க.

"அண்ணா, ரத்தம் இன்னொரு தபா எடுக்கணும். டெஸ்டுக்கு புது மருந்து வர பத்து பன்னண்டு நாளு ஆவும்."

அவர் முகம் அப்படியே வெளுத்துடுச்சு. "இன்னொரு தபாவா? எறங்கிடுச்சா?"

"எறங்கலண்ணா. நான் மருந்த கெடுத்துட்டேன். ஐஸ்ல உப்பு போட்டுட்டேன்."

"இன்னாது?"

"உப்புண்ணா. கல்லுப்பு."

அவர் அக்காவையே பாத்தார். அப்புறம் ரொம்ப மெதுவா, "வேணாம் தங்கச்சி. எனக்கு ஆறுதலுக்குன்னு கதை கட்டாத. கவுண்ட்டுக்கும் உப்புக்கும் இன்னா சம்மந்தம்? நேரா சொல்லு, நான் தாங்குவேன்."

இதை நாங்க யோசிக்கவே இல்ல. உண்மை அவ்ளோ கோணலா இருந்துச்சு, ஆறுதலுக்கு சொல்ற பொய் மாதிரியே இருந்துச்சு. அக்கா எவ்ளோ சொன்னாலும் அவர் தலையை ஆட்டிட்டே இருந்தார், சின்னக் குழந்தையை சமாதானப்படுத்தற மாதிரி. "சரிம்மா, சரி. நீ நல்ல பொண்ணு."

அக்கா எழுந்து மாடிக்கு ஓடினாங்க. திரும்பி வந்தப்ப கையில ரெண்டு பிரின்ட் அவுட்.

"இது உன்து. அம்பத்தெட்டு. படி."

அவர் படிச்சார்.

"இது யார்துன்னு தெரியுமா? பேர படி."

அவர் பேரைப் படிச்சார். அக்கா முகத்தைப் பாத்தார். திரும்ப பேரைப் படிச்சார்.

"எழுபத்தொண்ணா? உனக்கா?"

"எனக்குதான். முஸ்தபா அண்ணனுக்கு அறுபத்தி நாலு. அவரு சாப்புட்ட பிரியாணிக்கு இந்த கவுண்ட் வருமாண்ணா? நம்ம மூணு பேருக்கும் ஒரே நாள்ல எறங்குமா? மருந்துதான் செத்துச்சு. உன் ரத்தம் சாவல."

ரொம்ப நேரம் ரெண்டு தாளையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துட்டே இருந்தார். அப்புறம் தோள் குலுங்குச்சு. அழறார்னு நினைச்சேன். சிரிக்கறார்!

"அப்ப நீயும் நாளைலேர்ந்து என்கூட மாத்திர போடணுமே தங்கச்சி."

"போய்யா"ன்னு சொல்லிட்டு அக்காதான் அழுதாங்க. அழுதுட்டே எழுந்து, அங்கயே காத்துட்டிருந்த அடுத்த ஆள் கிட்ட போனாங்க. எட்டு பேர் பாக்கி. ஒருத்தர் திட்டினார், நியாயமாதான் திட்டினார். ஒரு அம்மா கையை நீட்டிட்டு, "இப்பவே எடுத்துக்கோயேன்"னாங்க. அவங்களுக்குப் புரிய வைக்க கால் மணி நேரம் ஆச்சு.

பதிமூணாவது நாள் புது ஆன்டிபாடி வந்துச்சு. மதியழகன் அண்ணன் காலையிலயே வந்து, ரத்தம் குடுத்துட்டு வண்டிக்குப் போகாம மாடிப்படியில உக்காந்துட்டார். அக்கா முதல்ல தன் ரத்தத்தை ஓட விட்டாங்க. எழுநூத்தி அறுபது. அதுக்கப்புறம்தான் அவரோடதைத் தொட்டாங்க. நம்பர் வந்ததும் கூப்பிட்டது என்னைத்தான். "அவர உள்ள கூட்டினு வா. இங்கயே."

நோயாளிங்க மெஷின் ரூமுக்கு வரக் கூடாது. முஸ்தபா அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டார்.

"முந்நூத்தி பன்னண்டு"ன்னாங்க அக்கா.

அவருக்கு நம்பர் காதுல விழுந்துச்சான்னு கூட தெரியல. திரையைப் பாத்துட்டு நின்னார். கறுப்புத் திரை, பச்சைக் கோடு, வலது பக்கம் மேல ஆரஞ்சுப் புள்ளிங்க கொத்து கொத்தா.

"இது இன்னாம்மா?"

"அதாண்ணா கவுண்ட்டு. ஒண்ணொண்ணும் ஒரு அணு. உயிரா இருந்துச்சு, காத்தால உன் கைக்குள்ள."

"இதுல என்து எது?"

"எல்லாமே உன்துதாண்ணா."

அவர் திரை கிட்ட குனிஞ்சார். விரலை நீட்டி, தொடாம, புள்ளிங்களுக்கு நேரா காத்துல அசைச்சு, உதடு அசைய ஒண்ணு ரெண்டுன்னு எண்ண ஆரம்பிச்சார். இருபது வந்தப்புறம் தவற விட்டுட்டு மறுபடி முதல்லேர்ந்து. வெளிய அடுத்த டியூப் காத்துட்டிருந்துச்சு. ரேணு அக்கா ஸ்டூலை இழுத்து அவருக்குப் பின்னாடி போட்டுட்டு, அவர் எண்ணி முடிக்கட்டும்னு கையைக் கட்டிக்கிட்டு நின்னாங்க.